ஏழு தடவை தள்ளினால் சங்கம் வரும்

எனக்கு வெப்சைட் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஆறு வருடங்களாக எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. அதிலும் அவளுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

என் தொழில் பெயர்ப்பலகை செய்வது. கடைகளுக்கு, டாக்டர்களுக்கு, வக்கீல்களுக்கு. கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்கி, மெஷினில் வெட்டி, அக்ரிலிக் தகட்டில் ஒட்டிக் கொடுப்பேன். இருபத்தேழு வருடப் பழக்கம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடுகிற இடம்தான் பலகையின் உயிர் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பல் டாக்டருக்குப் பலகை செய்தேன். ‘வலியில்லாத சிகிச்சை’ என்ற வரியில் ‘வலி’க்குப் பிறகு ஒரு விரற்கடை இடம் கூடிப்போயிற்று. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் ‘வலி’ மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரியும். டாக்டர் அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நேராக என் பட்டறைக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்கேல் வைத்து அளக்காமல் நான் எதையும் ஒட்டுவதில்லை.

இரவல் சங்கத்துக்கும் ஒரு பலகை செய்து மாட்டப் போனேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இரவல் சங்கம் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வீட்டில் யாருக்காவது கால் முறிந்தால் ஊன்றுகோல் வாங்குகிறோம், அவர் எழுந்து நடந்ததும் அது கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறது. சக்கர நாற்காலி, நடைச்சட்டம், மடக்குக் கட்டில், எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அவற்றை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தேவைப்படுகிறவருக்கு இரவல் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வதற்காக ஆரம்பித்த சங்கம். முன்னூற்றிருபது உறுப்பினர்கள். முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். தலைவி, ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான்.

நான் ஏணியில் நின்று பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது அவர் கீழிருந்து கேட்டார்.

“இதைக் கம்ப்யூட்டர்லதானே செஞ்சீங்க?”

“ஆமா சிஸ்டர்.”

“அப்ப நம்ம வெப்சைட்டையும் நீங்களே பாத்துக்குங்க. அதுவும் ஒரு போர்டுதானே? சுவத்துல மாட்டாம ஸ்க்ரீன்ல மாட்டணும், அவ்வளவுதான்.”

அது வேற வேலை சிஸ்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முப்பது வருடம் வார்டில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ‘திரும்பிப் படுங்க’ என்று சொல்லிப் பழகிய குரல் அது. மறுபேச்சு வராது. நானும் திரும்பிப் படுத்துவிட்டேன்.

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. சீக்கிரமே சங்கத்தில் என் பெயர் மறைந்து ‘வெப்சைட்டு’ என்றாகிவிட்டது. “வெப்சைட்டு வந்தாச்சா?” “வெப்சைட்டுக்கு ஒரு டீ சொல்லு.” எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். பலகைக்காரனை யார் டீ கொடுத்து உபசரிக்கிறார்கள்?

வெப்சைட் இப்படி இருக்கும். முகப்புப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சங்கத்தின் பெயர், போன் நம்பர், சிஸ்டர் சிரிக்கும் ஒரு படம். உறுப்பினர்கள் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனால் உறுப்பினர் பக்கம் வரும். மேலே ‘தேவை’ என்று ஒரு பட்டியல், யாருக்கு என்ன வேண்டும் என்பது. அதற்குக் கீழே சங்கத்தில் என்னென்ன பொருள் இருக்கிறது என்பது. தேவையைப் பார்த்துவிட்டு, அந்தப் பொருளை வீட்டில் வைத்திருப்பவரே போன் செய்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். சங்கத்தின் மூச்சு அந்தப் பக்கத்தில்தான் ஓடியது. நான் மட்டும் அந்தப் பக்கம் போவதே இல்லை. நிர்வாகி என்ற முறையில் என்னுடைய பாஸ்வேர்ட் என்னை நேரே கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோய்விடும். சமையல்காரன் பந்தியில் உட்காராத மாதிரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு வட்டத்துக்குள் பதினொன்று என்று காட்டியது. பதினொரு அப்டேட் காத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த வெப்சைட் வேலையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒரு பட்டனை அமுக்கினால் போதும். அமுக்கினேன். சக்கரம் சுற்றிற்று, பச்சையில் சரி என்று வந்தது. முகப்பைத் திறந்தேன். சிஸ்டர் சிரித்தார். ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வரும் டாக்டரைப் போல நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்றேன் மனைவியிடம்.

அவள் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பதிவு கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். சங்கத்தில் உறுப்பினர். பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் போனை எடுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, உள்ள போனா ஒண்ணுமே இல்லையே. வெள்ளை வெளேர்னு இருக்கு.”

“நெட் ஸ்லோவா இருக்கும்.”

“மத்ததெல்லாம் வருது.”

“உன் போன் பழசு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வயதையும் போனின் வயதையும் ஒப்பிட்டுப் பார்த்த பார்வை. பிறகு போய்விட்டாள்.

பத்து மணிக்கு முதல் போன் வந்தது. சங்கத்தை இழுத்து மூடியாயிற்றா என்று ஒருவர் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார். பத்தேகாலுக்கு ஒரு அம்மா அழாத குறை. ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் தாமதமாகிவிட்டதாம், அதற்காகத் தன்னைச் சங்கத்தை விட்டு நீக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அந்த இரண்டு வாரமும் மழையில் கழிந்ததை நாள்வாரியாகச் சொன்னார். நான் ஒவ்வொரு போனுக்கும் முகப்பைத் திறந்து பார்ப்பேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டிருப்பார்.

“எனக்கு நல்லாத்தானே தெரியுது” என்பேன்.

அந்த ஒரு வாக்கியத்தை அன்று மட்டும் பத்தொன்பது முறை சொல்லியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், பார்க்க வந்தவர்களின் கண்தான் கோணல் என்றேன். பழைய போன், பழைய கம்ப்யூட்டர், நெட் சரியில்லை, பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருப்பீர்கள். ஆளுக்கொரு மருந்து எழுதிக் கொடுத்தேன்.

பூட்டுக்காரருக்கு நான் கொடுத்த மருந்துதான் விபரீதமாகப் போயிற்று. கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், அறுபத்தெட்டு வயது, சங்கத்தில் எல்லோருக்கும் அண்ணன் முறை. பக்கம் காலியாக இருக்கிறது என்றார். நான் அசட்டையாக, “அண்ணே, கண்ணாடியை மாத்தி எவ்வளவு நாளாச்சு?” என்று கேட்டுவைத்தேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

“உங்க பூட்டுக்காரர் அண்ணன் இங்க வந்திருக்கார்.”

“எதுக்கு?”

“திடீர்னு பார்வை போகுதாம். வெப்சைட்டு பார்த்தா வெள்ளையா தெரியுதாம். நீங்கதான் கண்ணைக் காட்டச் சொன்னீங்களாம். டாக்டர் சொட்டு மருந்து விட்டு ரெண்டு மணி நேரமா பாத்துட்டு, கண்ணு தங்கமா இருக்குங்கறார். இப்ப அந்தச் சொட்டு மருந்தால நிஜமாவே ஒண்ணும் தெரியலை அவருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். நீங்க வாங்க.”

நான் போய்ப் பூட்டுக்காரரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். “நீங்க சொன்னதாலதான் போய்க் காட்டினேன். இல்லைன்னா நமக்கு நல்ல கண்ணு இருக்குன்னே தெரிஞ்சிருக்காது.”

அன்று சாயங்காலம் லேசாக உறைத்தது. இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை இருக்குமோ? பூட்டுக்காரரின் மருமகளுக்குப் போன் செய்து, அந்தப் பக்கத்தைத் திறந்து விரலால் கீழே தள்ளிக்கொண்டே போகச் சொன்னேன். போனாள். வெகுதூரம் போய், “இருக்கு, இருக்கு! எல்லாம் அடியில கெடக்கு!” என்று கத்தினாள். ஆக, ஒன்றும் காணாமல் போகவில்லை. மேலே கொஞ்சம் வெற்றிடம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொஞ்சம் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன். அளந்து பார்க்கவில்லை. அதைச் சரிசெய்வதற்குப் பதிலாக ஓர் அறிவிப்பு எழுதினேன். பலகைக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? ‘அன்பார்ந்த உறுப்பினர்களே, பக்கம் காலியாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். விரலால் மேலே தள்ளிக் கீழே வரவும்.’ கட்டுப்பாட்டு அறையிலிருந்து அதை உறுப்பினர் பக்கத்தில் சேர்த்தேன். அழகான நீல எழுத்து. அது எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்று பார்க்கவில்லை.

அது வெற்றிடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது. அத்தனை தூரம் தள்ளிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தவர்களை அது வரவேற்று, கீழே வரும்படி கேட்டுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத்து அறையில் சிஸ்டரும் நானும் இருந்தோம். மாடியில் ஒற்றை அறை. சுவரோரம் மடக்கிய நாற்காலிகள், மூலையில் கட்டி வைத்த ஊன்றுகோல்கள், ஒரு மேஜை, பழைய பதிவு நோட்டு. படியேறி மூச்சு வாங்க ஒரு பெண் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கை விரல்களில் சாக்பீஸ் தூள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றும், போன மாதம்தான் சங்கத்தில் சேர்ந்ததாகவும் சொன்னார்.

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் தேவைன்னு பதிஞ்சேன். இன்னிக்கு வெள்ளி. ஒருத்தர்கூடக் கூப்பிடலை. இங்க இப்படித்தானா, இல்லை நான் எதாவது தப்பாப் பதிஞ்சிட்டேனான்னு கேக்கலாம்னு வந்தேன்.”

சண்டை போடும் குரல் இல்லை. களைத்துப்போன குரல். அது சண்டையைவிட மோசம்.

“என்னம்மா வேணும்?” என்று கேட்டார் சிஸ்டர்.

“தலைப்பக்கம் தூக்கற மாதிரி கட்டில். அப்பாவுக்கு. நேராப் படுத்தா மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரியில வச்சிருந்துட்டு திங்கட்கிழமை அனுப்பிட்டாங்க, தலையை உசத்தியே படுக்க வைங்கன்னு. தலகாணி அடுக்கிப் பார்த்தேன், சரிஞ்சு சரிஞ்சு விழறார். மூணு ராத்திரியா நாற்காலியிலேயேதான் உக்காந்து தூங்கறார். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு.”

சிஸ்டரின் முகம் மாறிற்று. வார்டு முகம். நோட்டை இழுத்துப் பிரித்து விரலை ஓட்டினார். “தலை தூக்கற கட்டில் நம்மகிட்ட ரெண்டு. ஒண்ணு வெளிய போயிருக்கு. இன்னொண்ணு...” விரல் நின்றது. நோட்டை என் பக்கம் திருப்பினார்.

“இந்த அட்ரஸ் உங்களுக்குத் தெரியுமா?”

தெரிந்தது. பதினான்கு வருடமாக அங்கேதான் குடியிருக்கிறேன்.

என் மாமனார் கடைசி வருடத்தில் படுத்திருந்த கட்டில் அது. அவர் போன பிறகு மனைவி அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தன் பெயரில் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தாள். பின்னறையில் கிடந்தது. அதன்மேல் என் அக்ரிலிக் தகடுகளை நான்தான் அடுக்கி வைத்திருந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகச் சொல்வார்கள். நான் அலையக்கூட இல்லை. வெண்ணெய்மேல் தகடு அடுக்கிவிட்டு, நெய் கேட்டு வந்தவர்களிடம் உங்கள் போன் பழசு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இப்பவே கொண்டு வரேன் டீச்சர்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து தகடுகளை இறக்கினேன். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் துணியை எடுத்துக் கட்டிலைத் துடைத்தாள். தெருமுனையில் நின்ற சின்ன வேனைப் பிடித்து, கட்டிலை மூன்று துண்டாகக் கழற்றி ஏற்றி, டீச்சர் வீட்டு இரண்டாவது மாடிக்கு நானும் வேன்காரரும் தூக்கிக்கொண்டு போனோம். மெத்தையை மனைவி தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

பெரியவர் ஜன்னலோரம் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். வீங்கின கால்கள் ஒரு ஸ்டூல்மேல் இருந்தன. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே எங்களுக்கு உத்தரவு போட்டார். “இடது பக்கம்... கதவுல இடிக்கும்... பாத்து.” இடித்தது. “நான் சொன்னேன்ல?” நட்டுகளை முடுக்கி, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தைத் தூக்கி, அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தோம். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“மூணு நாளா உக்காந்தே இருந்து, என்னமோ முடியாத மீட்டிங்ல மாட்டிக்கிட்ட மாதிரியே இருந்துச்சுப்பா. இப்பத்தான் கலைச்சாங்க.”

பேசி முடித்த சூட்டோடு தூங்கிவிட்டார். டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். என் மனைவி பின்னாலேயே போனாள். நான் அந்த மர நாற்காலியில் உட்காரப் போனேன். மனம் வரவில்லை, நின்றுகொண்டேன்.

டீ கொண்டு வந்து கொடுத்த டீச்சர், “சங்கத்துல எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்கீங்க. ஆனா அந்தப் பக்கம் ஏன் அப்படி இருக்கு?” என்று கேட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினார்.

ஆறு வருடத்தில் முதல் முறையாக உறுப்பினர் பக்கத்தை ஓர் உறுப்பினர் பார்க்கிற மாதிரி பார்த்தேன். வெள்ளை. கட்டைவிரலால் தள்ளினேன். வெள்ளை. இன்னொரு முறை. பாலைவனத்தில் நடக்கிற மாதிரி வெள்ளை போய்க்கொண்டே இருந்தது.

“ஏழு தடவை தள்ளணும்” என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் இல்லையா, எண்ணி வைத்திருந்தார். “ஏழாவதுக்கு அப்புறம்தான் சங்கம் வரும்.”

வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நீல எழுத்தில், கீழே வரவும் என்று என் அறிவிப்பு. அதன் கீழே, ‘தேவை: தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில். அப்பாவுக்கு. அவசரம்.’ செவ்வாய், மதியம் ஒன்று நாற்பது.

ஒரு விரற்கடைக்காகப் பல் டாக்டர் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாரே, அவர் இதற்கு என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன்.

“நீங்க இதைப் பாக்கவே இல்லையா?” என்று கேட்டார் டீச்சர்.

“நான் இந்தப் பக்கமே வர்றதில்லை டீச்சர். எனக்கு வேற வழி. நேரா உள்ளயே போயிடுவேன்.”

“எங்க ஸ்கூல்ல கேள்வித்தாள் போடறவங்க, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தாங்களே உக்காந்து பரீட்சை எழுதிப் பாக்கணும். அது ஒரு ரூல்” என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனாலேயே நன்றாகக் குத்தியது.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்காமல் வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனியின் உதவி நம்பருக்குப் போன் செய்தேன். ஆறு வருடத்தில் முதல் போன். தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் அதுவரை செய்யவில்லை. ஒரு பெண் எடுத்தார். இளமையான, பொறுமையான குரல். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்டார். கொடுத்தேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“சார், நீங்க கூடுதலா எதாவது எழுதி வச்சிருக்கீங்களா? பக்கத்தோட அளவுகளை மாத்தறதுக்கு ஒரு பெட்டி இருக்கும்.”

“நான் ஒண்ணும் எழுதலையே. பட்டனை அமுக்கறதோட சரி.”

“இங்க ஆறு குறிப்பு இருக்கு சார். ஒவ்வொண்ணும் பக்கத்தைக் கீழ தள்ளுது. முதல்ல நூத்திருபது புள்ளி, அப்புறம் முன்னூறு, அப்படியே ஏறுது. எல்லாம் சேந்துதான் இந்த வெற்றிடம்.”

எனக்குக் கோபம் வந்தது. “யாரோ விஷயம் தெரியாத ஆளு எழுதியிருக்கணும்மா. இப்படியா ஒருத்தன் தள்ளி வைப்பான்?”

“பக்கத்துல விளக்கமும் எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா சார்?”

“படிங்க. எவன்னு பாப்போம்.”

அவர் செய்தி வாசிப்பது போலப் படித்தார். “முதல் குறிப்பு. ‘அப்டேட்டுக்குப் பிறகு மேல் பட்டை வந்து பட்டியலை மறைக்கிறது. அதனால் கீழே தள்ளியிருக்கிறேன். தற்காலிகம். அடுத்த வாரம் எடுத்துவிட வேண்டும்.’ தேதி போட்டிருக்கு சார். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி.”

போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன்.

“ரெண்டாவது. ‘மறுபடியும் மறைக்கிறது. இதுவும் தற்காலிகம்.’ மூணாவது. ‘மேலே உள்ள இரண்டையும் தொடாதே. ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை.’ நாலாவதுல விளக்கம் இல்லை, ‘ஐயோ’ன்னு மட்டும் இருக்கு. அஞ்சாவது. ‘பசிக்கிறது. இப்போதைக்கு இது போதும்.’ ஆறாவது...”

“போதும்மா.”

“ஆறாவதுல கீழ உங்க பேர் இருக்கு சார்.”

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறவர்கள் விடுகிற மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பெரிய அப்டேட்டின்போதும் சங்கத்தின் பெயர் இருக்கும் மேல் பட்டை இறங்கி வந்து பட்டியலை மூடும். எங்கேயோ படித்த ஒரு வரியை அந்தப் பெட்டியில் எழுதி, பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளுவேன். அளப்பதில்லை. போனில் யாராவது ‘தெரியுது’ என்கிற வரைக்கும் தள்ளுவது. பலகையில் கால் விரற்கடை தப்பினாலும் பொறுக்காதவன், இங்கே கண் தெரியாத இடத்தில் மண்வெட்டியால் வேலை செய்திருக்கிறேன். இந்த முறை மென்பொருள்காரர்கள் தங்கள் தப்பை ஒழுங்காகச் சரிசெய்து பட்டையை அதன் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் தள்ளிய தள்ளு மட்டும் மிச்சம். பழுது அப்டேட்டில் இல்லை, என்னிடம் இருந்தது.

“இப்ப என்னம்மா செய்யணும்?”

“ஆறையும் எடுத்துடலாம் சார். முதல்ல ஒரு நகல் எடுத்து வச்சுக்கறேன். அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து எடுத்துப் பாப்போம். நீங்க ஒரு உறுப்பினரோட போன்ல பக்கத்தைத் திறந்து வச்சுக்குங்க.”

மனைவியின் போனைக் கடன் வாங்கினேன். ஒவ்வொரு குறிப்பும் போகப் போக, வெற்றிடம் வற்றிக்கொண்டே வந்தது. ஆறாவதும் போனதும் பட்டியல் மேல் பட்டைக்குக் கீழே சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. ஸ்கேலை எடுத்து ஸ்க்ரீன்மேல் வைத்து அளந்தேன். அரை விரற்கடை. நானே விட்டிருந்தாலும் அவ்வளவுதான் விட்டிருப்பேன். மொத்த வேலைக்கும் இருபது நிமிடம் ஆயிற்று. நன்றி சொன்னபோது அந்தப் பெண், “அடுத்த தடவை தற்காலிகம்னு எழுதினா, உடனே எங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்க சார்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடிற்று. பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்ல ஒரு பக்கத்துக்குப் பேச்சுத் தயார் செய்திருந்தேன். மேல் பட்டை, அளவுகள், அப்டேட் என்று கேட்பவருக்குத் தலை சுற்றும்படி. எழுந்து நின்றதும் சிஸ்டர் கையை உயர்த்தினார்.

“சுருக்கமாச் சொல்லுங்க. யார் தப்பு?”

“என் தப்பு.”

“கட்டில் போய்ச் சேந்துதா?”

“சேந்துது.”

“இனிமே எப்படிப் பாப்பீங்க?”

டீச்சர் சொன்ன கேள்வித்தாள் கதையைச் சொன்னேன். இனி அப்டேட் செய்யும்போதெல்லாம் நானும் ஒரு சாதாரண உறுப்பினராக லாகின் செய்து, பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்ப்பேன் என்றேன். என் பேச்சுக் காகிதத்தை அவர் வாங்கி, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு மடித்து வைத்தார். ராஜினாமா அதோடு முடிந்தது.

வாக்குக் கொடுத்தபடி அங்கேயே, எல்லோர் முன்னாலும் லாகின் செய்யப் போனேன். ‘இந்தப் பெயரில் உறுப்பினர் யாரும் இல்லை’ என்று வந்தது. மறுபடி அடித்தேன். இல்லை. சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். மனைவி பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. ஆறு வருடமாகச் சங்கத்து வெப்சைட்டைக் கட்டிக்காத்தவன், சங்கத்தில் சேரவே இல்லை. யாரும் சேரச் சொல்லவுமில்லை, எனக்கும் தோன்றவில்லை. பலகை மாட்ட வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன்.

கமிட்டி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விதிப்படி இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். சிஸ்டருக்கு நன்றி சொல்ல வந்திருந்த டீச்சர் ஒரு கையெழுத்துப் போட்டார். இன்னொன்று பூட்டுக்காரர் போட்டார். எந்த இடத்தில் போடுவது என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை, நல்ல கண். இரவல் கொடுக்க ஒரு பொருளாவது பதிய வேண்டும் என்பது அடுத்த விதி. கட்டில் மனைவியுடையது. யோசித்து யோசித்து, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து குனிந்து நான் வாங்கிக்கொண்ட கழுத்துவலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டை ஞாபகத்துக்கு வந்தது. ‘கழுத்துப் பட்டை, ஒன்று. நல்ல நிலையில்’ என்று பதிந்தேன். உறுப்பினர் எண் முன்னூற்றிருபத்தொன்று.

பெரியவர் நன்றாக இருக்கிறார். கால் வீக்கம் வடிந்து, இப்போது ஒரு மாடி இறங்கி ஏறுகிறார். கட்டில் இன்னும் அவரிடம்தான். டீச்சரின் போனில் வெப்சைட்டை வாசிப்பது அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. வாராவாரம் திங்கட்கிழமை காலையில் எனக்குப் போன் செய்து எழுத்துப் பிழைகளைச் சொல்கிறார். ‘நாற்காலி’யை நான் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேனாம்.

என் கழுத்துப் பட்டையை முதலில் கேட்டவர் பூட்டுக்காரர்தான். குனிந்தே வேலை செய்து பிடித்துக்கொண்டதாம். கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் தலைகீழாகப் போட்டுக்கொண்டார். தாடை மேலே போய் வானத்தைப் பார்த்தது. “அண்ணே, அதைத் திருப்பிப் போடணும்” என்றேன்.

அவர் கழற்றினார். பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. எதுக்கும் உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”